ஃபோல்டரைக் காப்பி செய்தால் புரோகிராம் வந்துவிடுமா?

"தம்பி, இந்தப் பழைய ஹார்டு டிஸ்க்குல டாலி இருக்கு, போட்டோஷாப் இருக்கு, தமிழ் டைப்பிங் இருக்கு. எல்லாத்தையும் அப்படியே புது லேப்டாப்புல போட்டுக் குடுத்துடுங்க."

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளுக்கு மிகவும் பழக்கமான கோரிக்கை இது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2015, 2016-இல் வாங்கி இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இந்த வரம்பைத் தாண்டவில்லை. விளைவு, புதிய கணினி மேசைக்கு வருகிறது. பழைய ஹார்டு டிஸ்க் கையில் மிஞ்சுகிறது.

அந்த டிஸ்க்கில் உள்ள படங்கள், கடிதங்கள், எக்செல் கணக்குகள் எல்லாம் சிக்கலின்றி வந்து சேரும். புரோகிராம்கள் வராது. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்து புதிய கணினியில் ஒட்டினால் ஐகான் என்னவோ தெரியும். அதைத் திறந்தால் ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைலைக் காணோம் என்று செய்தி வரும்; இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது.

ஒரு புரோகிராம் எங்கெல்லாம் குடியிருக்கிறது?

டாஸ் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. வேர்ட்ஸ்டார் போன்ற புரோகிராம் தன் ஃபைல்களை ஒரே இடத்தில் வைத்திருந்தது. ஃபிளாப்பியில் காப்பி செய்து அடுத்த கணினியில் போட்டால் ஓடியது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேடு சிறிய அளவில் அறிமுகமானது. 1995-இல் விண்டோஸ் 95 அதையே கணினி முழுவதற்குமான மையப் பதிவேடாக ஆக்கியது. எந்தப் புரோகிராம் எங்கே இருக்கிறது, எந்த வகை ஃபைலை எது திறக்க வேண்டும், பயனர் என்னென்ன மாற்றங்கள் செய்துவைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் பதிவாகின்றன.

இன்று ஒரு பெரிய புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போது, அதன் முதன்மை ஃபைல்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குப் போகின்றன. பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் டிஎல்எல் ஃபைல்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சேர்கின்றன. அமைப்புகளும் தற்காலிகத் தகவல்களும் 'ஆப்டேட்டா', 'புரோகிராம்டேட்டா' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டர்களில் தங்குகின்றன. இவற்றுக்கு மேல் ரெஜிஸ்ட்ரி பதிவுகளும், சில புரோகிராம்களுக்கு டிரைவர்களும் உண்டு. வாடகை வீடு மாறுகிறவர் சாமான்களை வண்டியில் ஏற்றிவிடலாம். கேஸ் இணைப்பையும் ரேஷன் கார்டு முகவரியையும் தனியாக எழுதிக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். ஃபோல்டரைக் காப்பி செய்கிறவர் சாமான்களை மட்டும் இறக்கி வைக்கிறார்.

விதிவிலக்குகள் உண்டு. 'போர்ட்டபிள்' என்ற பெயரில் கிடைக்கும் புரோகிராம்கள் தங்களுக்கு வேண்டியதை ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்வதால் காப்பி செய்தாலே ஓடும். ஆப்பிளின் மேக் கணினிகளிலும் பெரும்பாலான புரோகிராம்கள் ஒரே பொதியாக இருக்கின்றன. அதோடு, பழைய மேக்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் கொண்டுபோக 'மைக்ரேஷன் அசிஸ்டன்ட்' என்ற வசதியை ஆப்பிளே தருகிறது. விண்டோஸில் விஸ்டா காலம் முதல் இருந்த 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' ஃபைல்களையும் அமைப்புகளையும் மட்டுமே மாற்றியது, புரோகிராம்களைத் தொடவில்லை. அதுவும் விண்டோஸ் 10-இல் இல்லாமல் போனது.

உரிமம் என்கிற பூட்டு

ஃபைல்கள் எல்லாம் சரியாக வந்து சேர்ந்தாலும் உரிமம் வராது. விலை கொடுத்து வாங்கும் பல மென்பொருள்கள் ஒரு குறிப்பிட்ட கணினியின் அடையாளத்தோடு பிணைக்கப்பட்டவை.

நம் ஊர்க் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் நன்கு தெரிந்த உதாரணம் டாலி. அதன் உரிமத்தைப் பழைய கணினியில் 'சரண்டர்' செய்துவிட்டு, புதிய கணினியில் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழைய கணினி உயிரோடு இருந்தால் இது சில நிமிட வேலை. அது செத்துப்போயிருந்தால் உரிமத்தை ரீசெட் செய்யும் வழியைத் தேட வேண்டும். கணக்கு விவரங்களைக் கொண்டுவருவது இதைவிட எளிது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா இருக்கும் இடத்தை டாலியே காட்டுகிறது. அங்கே எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கணக்கு. அவற்றைக் காப்பி செய்தால் போதும்.

உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரே மூடப்பட்டால் என்ன ஆகும்? 2005-இல் வெளிவந்த அடோபியின் சிஎஸ்2 தொகுப்புக்கு அது நடந்தது. 2013 தொடக்கத்தில் அதன் ஆக்டிவேஷன் சர்வரை அடோபி நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பை வெளியிட்டது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. பழைய சிடியையும் சீரியல் எண்ணையும் பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறவருக்கும்கூட ஒருநாள் கதவு மூடலாம்.

டிடிபி மையங்களின் தனிச் சிக்கல்

தமிழ் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை சேர்கிறது. பக்க வடிவமைப்புக்கான அடோபியின் பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-இல். அதற்குப் பிறகு புதிய பெரும் பதிப்பு வரவே இல்லை. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை முதல் புத்தகம் வரை பல ஆண்டு உழைப்பு அந்த ஃபைல்களில்தான் கிடக்கிறது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில், சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்தன. 2013-இல் வந்த சிசி பதிப்பிலிருந்து அந்த வசதி போய்விட்டது.

எழுத்துருச் சிக்கல் இதைவிடக் கூர்மையானது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை பாமினி போன்ற எழுத்துருக்கள். அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லையென்றால், கவிதைத் தொகுப்பு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடக் கூடாது. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கிறது. அதிலுள்ள எழுத்துருக்களை எடுத்துப் புதிய கணினியில் இன்ஸ்டால் செய்தால் தமிழ் மீண்டும் தெரியும். பயனருக்கென்று தனியாக நிறுவப்பட்ட எழுத்துருக்கள் 'ஆப்டேட்டா'வுக்குள் இருக்கலாம். அங்கேயும் பார்க்க வேண்டும். நிலையான தீர்வு, முக்கியமான உரைகளை யூனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழைய கணினி ஓடும்போதே

இடமாற்ற வேலையில் பாதிக்கு மேல் பழைய கணினியிலேயே செய்ய வேண்டியது. முதலில், இன்ஸ்டால் ஆகியிருக்கும் புரோகிராம்களின் பட்டியல். கையால் எழுதலாம், திரையைப் படமெடுக்கலாம். விண்டோஸின் 'விங்கெட்' கட்டளை, தனக்குத் தெரிந்த புரோகிராம்களின் பட்டியலை ஒரு ஃபைலாகவே தரும். அந்த ஃபைலைப் புதிய கணினியில் கொடுத்தால் அவற்றைத் தானே டவுன்லோடு செய்து நிறுவும்.

அடுத்து பாஸ்வேர்டுகள். குரோம் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரைக் காப்பி செய்தால் அவை கிடைக்காது. பழைய கணினி ஓடும்போதே கூகுள் கணக்கில் சிங்க் செய்யவோ, ஏற்றுமதி செய்யவோ வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டால் 'புரொஃபைல்' ஃபோல்டரைக் காப்பி செய்தாலே போதும். அவுட்லுக் பயன்படுத்துகிறவர்கள் பிஎஸ்டி ஃபைலை மறக்கக் கூடாது; பல ஆண்டு மின்னஞ்சல்கள் அந்த ஒரே ஃபைலில் இருக்கக்கூடும்.

அதே கணினியில் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. டிஸ்க்கை 'குளோன்' செய்தால் விண்டோஸ், புரோகிராம், பெரும்பாலான உரிமங்கள் எல்லாம் அப்படியே வரும். குளோன்ஸில்லா என்ற இலவசக் கருவி இதற்குப் பேர்போனது. குளோன் செய்த டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் நிலைமை மாறும். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பழைய மதர்போர்டுக்கே உரியது.

கைவிடவே முடியாத பழைய புரோகிராம் ஒன்று இருந்தால், பழைய கணினி முழுவதையும் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக ஓடவைக்க முயலலாம். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பிரிவு தரும் 'டிஸ்க்2விஹெச்டி' அதற்கு உதவும் இலவசக் கருவி.

டிஸ்க் மட்டுமே மிஞ்சினால்

கணினி போய் டிஸ்க் மட்டும் நல்ல நிலையில் இருந்தால், அதை யூஎஸ்பி கேஸில் பொருத்திப் புதிய கணினியில் இணைக்கலாம். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். பயனர் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், நிர்வாகி கணக்கிலிருந்து உரிமையைப் பெறலாம். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவை. பல வீட்டுக் கணினிகளுக்கு அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. மீண்டும் மீண்டும் ஓடவிட்டால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடிக்காகப் பழைய கணினியை அன்றைக்கே கடையில் விட்டுவிட வேண்டாம். உரிமங்களைச் சரண்டர் செய்து, பட்டியல் எடுத்து, புதியதில் ஒரு மாதக் கணக்கு முடித்து, ஒரு வேலையையாவது அச்சுக்கு அனுப்பிய பிறகு, டிஸ்க்கை முறையாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.