எஞ்சிய 594 மீற்றர்

1919 நவம்பரில் கல்கத்தாவின் கோர்ன்வாலிஸ் அரங்கில் 'பில்வமங்கள்' என்ற மௌனப்படம் திரையிடப்பட்டது. தயாரித்தது ஜே. எப். மதனின் கம்பனி, நெறிப்படுத்தியவர் ருஸ்தம்ஜி தோத்திவாலா. செல்வந்தன் மகனொருவன் சிந்தாமணி என்ற தாசியின்மேல் கொண்ட மோகத்தில் அனைத்தையும் மறக்கிறான். பிணத்தைக் கட்டையென்று பற்றி ஆற்றைக் கடக்கிறான். பாம்பைக் கயிறென்று பிடித்து மதிலேறுகிறான். இந்தப் பற்றைக் கடவுளிடம் வைத்திருக்கலாமே என்று அவள் கடிந்த பின்னரே தெளிகிறான். இக்கதை எமக்குப் புதிதல்ல. 1937இல் தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி'யும் இதுவே.

12,000 அடி நீளமான அப்படத்தில் இன்று எஞ்சியிருப்பது 594 மீற்றர். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதுவும் இந்தியாவில் அல்ல, பாரிஸிலுள்ள பிரெஞ்சு சினிமாத்தேக் காப்பகத்திலேயே எஞ்சியது. 2016இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம், 'ஜமாய் பாபு' (1931) என்ற மௌனப்படத்தின் பிரதியைக் கொடுத்து இதன் டிஜிட்டல் பிரதியைப் பெற்றுக்கொண்டது.

ஏன் இந்நிலை? அக்காலப் படச்சுருள் நைத்திரேற்றாலானது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். பேசும்படம் வந்தபின் மௌனப்படத்துக்குச் சந்தை இல்லை. சுருளிலிருந்த வெள்ளிக்குச் சந்தை இருந்தது. உலகெங்கும் பல படங்கள் அந்த வெள்ளிக்காகவே அழிக்கப்பட்டன.

நாம் வாழும் நாட்டிலும் இதற்கொரு உதாரணம் உண்டு. 1927இல் ஷங்காயில் எடுக்கப்பட்ட, சிலந்திப் பெண்களின் குகை பற்றிய மௌனப்படம் அழிந்துபோனதென்றே கருதப்பட்டது. 1929இல் ஒஸ்லோவில் திரையிடப்பட்ட அப்படத்தின் பிரதியொன்று நோர்வே தேசிய நூலகத்தில் கிடைத்தது. 2014இல் சீனாவுக்கு அதன் பிரதி கையளிக்கப்பட்டது.

இதைக்கொண்டு, வெள்ளைக்காரனே எம் பண்பாட்டைக் காப்பான் என்று முடிவுகட்டுவது தவறு. அன்பினால் இவை தப்பவில்லை. இருப்பறை, பட்டியல், சம்பளத்துக்கு அதைக் கவனிக்கும் ஓர் ஊழியர் ஆகியவையே காத்தன. முன்னாள் விரிவுரையாளனாகிய நான் இன்று உணவுத் தொழிற்சாலையொன்றின் குளிரறையில் வேலை செய்கிறேன். மீனைக் காப்பது அதன்மேல் எமக்குள்ள பற்றல்ல, குளிர்.

எம்மிடம் பற்றுக்குக் குறைவில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை நாம் மறக்கவுமில்லை. ஆனால் ஹொல்ம்லியாத் தொடர்மாடிகளின் நிலக்கீழ் அறைகளில் எமது சிற்றிதழ்களும் நாடக ஒளிநாடாக்களும் ஈரம் பிடித்துக் கிடக்கின்றன. நோர்வேயில் வெளியிடப்படுபவற்றைத் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்கவேண்டுமென 1989ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எம்மில் எத்தனைபேர் அதைச் செய்திருக்கிறோம்?

அந்நிய அரசிடம் எமது ஆவணங்களைக் கொடுப்பதா என்று நண்பர்கள் கேட்பார்கள். இருக்கும் ஒரேயொரு பிரதியைக் கொடுப்பதென்றால் நானும் தயங்குவேன். ஆகவே முதலில் பிரதியெடுப்போம்: ஒன்று அங்கே, ஒன்று எம்மிடம். உரிமை யாருக்கு என்ற விவாதத்தை, விவாதிக்க ஏதாவது எஞ்சியிருந்தால்தான் தொடரலாம்.