காற்றடைத்த கடற்கரைப் பந்து: மிதக்கும், உயிர் காக்காது

பனாஜி: கோவாவின் கலங்குட், பாகா, கோல்வா போன்ற கடற்கரைகளுக்குச் செல்லும் சிறுவர்களை முதலில் ஈர்ப்பவை பல வண்ணக் காற்றுப் பந்துகள். விலையும் எடையும் குறைவு. அந்த எடைக்குறைவே நீரில் ஆபத்துக்கு வழிவகுக்கிறது.

மெல்லிய பி.வி.சி. தாள்களை ஆரஞ்சுச் சுளை வடிவில் வெட்டி, விளிம்புகளை வெப்பத்தால் இணைத்து இப்பந்துகள் தயாரிக்கப்படுகின்றன. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தில் சுமார் 33 லிட்டர் காற்று அடங்கும். நீரில் விழுந்தால் ஏறத்தாழ முழுப் பந்தும் மேற்பரப்பிலேயே நிற்கும். எனவே, அதன் போக்கை அலையைக் காட்டிலும் காற்றே தீர்மானிக்கிறது.

பகலில் நிலம் விரைவாகச் சூடேறுவதால் கடற்காற்று கரை நோக்கி வீசும். பந்து தானே திரும்பி வந்துவிடும். அதிகாலையில் வீசும் நிலக்காற்றோ எதிர்த்திசையில் செல்லும். அப்போது கரையோர நீர் அமைதியாகத் தோன்றும் என்பதுதான் சிக்கல். விலகிச் செல்லும் பந்து, நீந்துபவரின் வேகத்தை எளிதில் மிஞ்சிவிடும். துரத்தும் சிறுவனின் கவனம் பந்தின் மீதிருக்குமே அன்றி, காலடியில் கூடும் ஆழத்தின் மீதிருக்காது.

பந்தைப் பற்றிக்கொண்டால் மிதக்கலாம் என்ற நம்பிக்கையும் பலரிடம் உள்ளது. 33 லிட்டர் காற்றுக்கு மிதப்புத் திறன் உண்டு என்பது உண்மையே. ஆனால், ஈரமான வழவழப்பான உருண்டையில் பிடிமானம் ஏதுமில்லை. அழுத்தினால் நழுவி மேலெழும்.

மத்திய அரசின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கப்படும் தாலேட் வேதிப்பொருள்களுக்கு ஐ.எஸ். 9873 தரநிலை வரம்பு விதிக்கிறது. எனினும், குழந்தையின் எடையைத் தாங்கும் நீர் விளையாட்டுப் பொருள்களின் பட்டியலில் கடற்கரைப் பந்து இடம்பெறுவதில்லை. அதாவது, முத்திரை பெற்ற பந்தும் மிதவைக்கு மாற்றாகாது.

உயிர்காப்பாளர்கள் நட்டுள்ள சிவப்பு–மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியிலேயே நீரில் இறங்க வேண்டும். அங்கும் விலகிச் செல்லும் பந்தை விட்டுவிடுவதே சரி. புதிய பந்து வாங்குவது பெரிய செலவன்று.

இன்னொரு சிறு விவரம்: பந்தை இறுக ஊதிவிட்டு வெயிலில் வைக்கக் கூடாது. உள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி செல்சியஸாக உயர்ந்தால், அக்காற்று சுமார் 5 சதவீதம் விரிவடைய முயலும். அதற்கு இடமில்லாதபோது இணைப்புகள் பிரியக்கூடும். சற்றுத் தளர்வாக ஊதுவது போதுமானது.