வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாமா? என்ஜின் தேர்வில் கவனிக்க வேண்டியவை என்ன? - ஒரு விளக்கம்

புதுதில்லி: இரும்புக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, இரண்டு இருக்கைகளும் நான்கு சக்கரங்களும் கொண்ட இலகுரக ஸ்போர்ட்ஸ் காரைச் சொந்தப் பட்டறையிலேயே கட்டிவிட வேண்டும் என்ற ஆர்வம் இந்திய இளைஞர்களிடமும் பொறியியல் மாணவர்களிடமும் இருந்து வருகிறது. அடிச்சட்டம் அமைப்பதற்கு முன்பாகவே விடை காண வேண்டிய கேள்வி, அதில் எந்த என்ஜினைப் பொருத்துவது என்பதுதான். என்ஜினின் நீளம், எடை, அது அமரும் திசை ஆகியவையே காரின் முழு அமைப்பையும் முடிவு செய்கின்றன.

இத்தகைய கார்களுக்கு முன்மாதிரி, பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் அறிமுகப்படுத்திய 'செவன்' கார் ஆகும். தொடக்கத்தில் அதில் பொருத்தப்பட்டது ஃபோர்டு நிறுவனத்தின் 1,172 சிசி என்ஜின். திறன் ஏறக்குறைய 40 குதிரைத்திறன் மட்டுமே. 1973-இல் அதன் உற்பத்தி உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அதே வடிவக் கார்களைத் தயாரித்து வருகிறது. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய நூல் ஒன்று, பழைய கார் ஒன்றின் பாகங்களைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் இவ்வகைக் காரைக் கட்டும் முறையை விளக்கியது. 'லோகாஸ்ட்' என்று அழைக்கப்படும் வீட்டுத் தயாரிப்புக் கார்கள் பரவியது அதன் பிறகே.

முதலில் சட்டம்

இந்தியாவில் இதற்குப் பெரும் தடை சட்டமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. புதிய வகை வாகனம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டுமானால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதிப்படி அதன் முன்மாதிரி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். புணேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி ஆகியவை அத்தகைய மையங்கள். நிறுவனங்களை மனதில் கொண்டு வகுக்கப்பட்ட இந்த நடைமுறையை ஒரே ஒரு காருக்காகத் தனிநபர் மேற்கொள்வது எளிதல்ல. பிரிட்டனில் ஒற்றை வாகனத்துக்கென்றே தனி ஒப்புதல் முறை உள்ளது.

பழைய காரின் பதிவுச் சான்றிதழை வைத்துக்கொண்டு, அதன் பாகங்களில் புதிய காரை உருவாக்கிச் சமாளிக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். அதுவும் இயலாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை 52-ஆவது பிரிவு தடை செய்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, 6 மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எனவே, இங்கு கட்டப்படும் காரைப் பந்தயத் தடத்துக்கோ தனியார் வளாகத்துக்கோ உரியதாகவே கருத வேண்டும். பல லட்சம் ரூபாயைச் செலவிட்ட பிறகு இதனை அறிவதைவிட, என்ஜினை வாங்கும் முன்பே அறிவது நல்லது.

எடைக்கு ஏற்ற திறன்

இலகுரகக் காருக்குப் பெரிய என்ஜின் தேவையில்லை. 2021-இல் வெளியான கேட்டர்ஹாம் 'செவன் 170' காரில் இருப்பது சுசூகியின் 660 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின். அதன் திறன் 84 குதிரைத்திறன். காரின் எடை 440 கிலோ. அதாவது, ஒரு டன் எடைக்கு ஏறக்குறைய 190 குதிரைத்திறன். 82 குதிரைத்திறனும் சுமார் 870 கிலோ எடையும் கொண்ட சாதாரண ஹேட்ச்பேக் காரில் இந்த அளவு 95-ஐத் தாண்டாது. என்ஜின் திறன் கிட்டத்தட்ட ஒன்றே; வேறுபாடு எடையில்தான் உள்ளது.

எடை குறைந்த காரில் ஓட்டுநரும் கணக்கில் வருவார் என்பதை மறந்துவிடக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவர் அமர்ந்ததும் மேற்கண்ட 190 என்ற எண் 165-ஆகச் சரிந்துவிடும்.

எந்தத் திசையில் அமர்கிறது?

செவன் வகைக் காரில் என்ஜின் முன்புறம் நீளவாக்கில் அமர்ந்து, பின்சக்கரங்களை இயக்குகிறது. இன்றைய இந்தியச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் குறுக்குவாக்கில் அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் அதனுடனேயே இணைந்திருக்கும். இத்தகைய என்ஜினைத் திருப்பி வைக்க வேண்டுமானால் வேறு கியர்பாக்ஸ், அதற்குப் பொருந்தும் இணைப்பு உறை, கிளட்ச் என எல்லாவற்றையும் கடைசல் பட்டறையில் செய்தாக வேண்டும். அச்சு சிறிது பிசகினாலும் கிளட்சும் பேரிங்கும் விரைவில் பழுதாகும்.

நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை இயக்கும் பெட்ரோல் என்ஜின்கள் இந்தியாவில் அரிது. மாருதி ஜிப்சியின் 1,298 சிசி, 80 குதிரைத்திறன் அலுமினிய என்ஜின் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஈகோ வேனில் 2010-இல் வந்த 1,196 சிசி என்ஜின் 73 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் அது முன் இருக்கைகளுக்கு அடியில் அமரும்படி வடிவமைக்கப்பட்டது என்பதால், தாழ்வான அடிச்சட்டத்தில் ஆயில் சம்ப் இடிக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். சுமை இழுப்பதற்காக அமைந்த அதன் பின் அச்சு விகிதமும் வேகத்துக்கு ஏற்றதல்ல. அம்பாசடர், கான்டெசா கார்களில் இருந்த இசுசு 1,817 சிசி என்ஜின் உறுதியானது, ஐந்து கியர்களும் உண்டு. எனினும் எடை அதிகம்.

இவற்றைவிட எளிய வழி ஒன்று உண்டு. முன்சக்கர இயக்கக் காரின் என்ஜின், கியர்பாக்ஸ், அச்சுத் தண்டுகள் அனைத்தையும் பிரிக்காமல் எடுத்து, இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்திவிடுவதே அது. ஸ்விஃப்ட் போன்ற கார்களின் பாகங்களை அப்படியே பயன்படுத்தலாம். கியர் கேபிள்களையும் ரேடியேட்டர் குழாய்களையும் நீட்டிக்க வேண்டும். பின்னால் செல்லும் சக்கரங்கள் திரும்பாதபடி ஸ்டீயரிங் இணைப்புகளை உறுதியாகப் பூட்ட வேண்டும். உதிரிபாகங்கள் எங்கும் கிடைக்கும் என்பதைக் கருதினால், முதல்முறை கட்டுவோருக்கு இதுவே பொருத்தமானது.

இருசக்கர வாகன என்ஜின்

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் உருவாக்கும் கார்களில் பொதுவாக பைக் என்ஜின்களே உள்ளன. அங்கு 710 சிசி வரை அனுமதி உண்டு. கேடிஎம் 390-இன் 373 சிசி என்ஜின், ராயல் என்ஃபீல்டின் 648 சிசி, 47 குதிரைத்திறன் இரட்டைச் சிலிண்டர் என்ஜின் ஆகியவை இந்தியாவில் எளிதில் கிடைப்பவை. கியர்பாக்ஸ் உள்ளேயே அடங்கியிருப்பதால் எடையும் இடமும் மிச்சமாகும்.

குறைகளும் உண்டு. ரிவர்ஸ் கியர் கிடையாது. சுமார் 200 கிலோ வாகனத்துக்காக அமைந்த கிளட்ச், அதைவிட இருமடங்கு எடையை நகர்த்த வேண்டியிருக்கும். அதிகம் பேசப்படாத மற்றொரு சிக்கல் ஆயில் தொடர்பானது. பைக் வளைவில் சாய்வதால் ஆயில் சம்பின் அடியிலேயே நிற்கும். கார் அவ்வாறு சாயாது. வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். சில நொடிகள் ஆயில் அழுத்தம் இல்லாமல் போனாலே பேரிங்குகள் கருகிவிடும். சம்பின் உள்ளே தடுப்புத் தகடுகள் பொருத்தாமல் இத்தகைய என்ஜினைத் தடத்தில் ஓட்டக் கூடாது.

மின்னணுவும் ஆவணமும்

புதிய என்ஜின்கள் தனியே இயங்குவதில்லை. சாவியில் உள்ள சிப், மின்னணு ஆக்சிலரேட்டர் பெடல், பல்வேறு சென்சார்கள் ஆகியவற்றின் தகவல் கிடைக்காவிட்டால் அவற்றின் கட்டுப்பாட்டுக் கணினி, என்ஜினைத் தொடங்கவே விடாது. அல்லது திறனைக் குறைத்துவிடும். ஆகவே கணினி, வயரிங் முழுவதும், சாவி, பெடல் ஆகியவற்றை ஒரே காரிலிருந்து சேர்த்து வாங்க வேண்டும். கேபிள் ஆக்சிலரேட்டர் கொண்ட பழைய என்ஜின்களில் இந்தத் தொல்லை குறைவு.

தில்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் என்ஜின் மட்டும் தனியே கிடைக்கிறது. விலை குறைவு என்பதற்காக ஆவணமின்றி வாங்குவது ஆபத்தானது. திருட்டு வாகன பாகங்கள் தொடர்பான நடவடிக்கையில்தான் மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை 2021 டிசம்பரில் மூடப்பட்டது. திருட்டுப் பொருள் எனத் தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றம். என்ஜின் எண்ணைப் பதிவு ஆவணத்துடன் ஒப்பிட்டு, ரசீது பெறுவது அவசியம். விபத்தில் சிக்கினாலும் ஓடும் நிலையில் உள்ள காரை முழுமையாக வாங்கினால், பிரிப்பதற்கு முன் என்ஜினை இயக்கிப் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மெக்கானிக்கைக் கொண்டு அளந்துவிடலாம்.