முத்திரை மரக்கால்: தேர்வை அளப்பது பற்றிச் சில குறிப்புகள்

தேர்வு என்பது ஓர் அதிகாரத் தொழில்நுட்பம் என்று ஃபூக்கோவை முன்வைத்து நம் பக்கங்களில் நிறையவே எழுதியாயிற்று. உடல்களை வரிசையில் உட்கார்த்துகிறது, ஆளை எண்ணாக்குகிறது, எண்ணைக் கோப்பாக்குகிறது. சரி. ஆனால் குறிப்பிட்ட ஒரு வினாத்தாள், குறிப்பிட்ட ஒரு கூட்டத்தை, எந்த வினாவில், எவ்வளவு ஏமாற்றியது என்று யாராவது கேட்டால் இந்தச் சொல்லாடலுக்குள் பதில் கிடைக்காது. அந்தக் கணக்கு நிபுணர்களின் சமாச்சாரம் என்று விடப்பட்டிருக்கிறது. விட்டதில் கொஞ்சம் பெருமிதமும் தெரிகிறது.

காவிரிப் படுகையின் உழைக்கும் மக்கள் அளவையை இப்படி விட்டுவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லளவைக் குறிக்கும்போது, ஆடவல்லான் என்ற மரக்கால் ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்று சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். அது அரசின், கோயிலின் கவலை. 1940களில் கீழத்தஞ்சையில் செங்கொடியின் கீழ் திரண்ட பண்ணையாட்களின் கோரிக்கைகளில் முத்திரை மரக்காலும் ஒன்று. களத்தில் வாங்குவதற்கு ஒரு மரக்கால், கூலி அளப்பதற்குச் சின்னதாக இன்னொரு மரக்கால் என்று நடந்துகொண்டிருந்தது. 'அளவை என்பதே வன்முறை' என்று அவர்கள் கோட்பாடு பேசவில்லை. மரக்காலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில்தான் கும்பகோணத்தில் நாங்கள் மூன்று பேர், ஒருவர் கணக்கு வாத்தியார், ஒருவர் கவிதைக்காரர், நான், தேர்வுகளுக்கான புள்ளியியல் அளவை மாதிரிகளைப் படிக்க உட்கார்ந்தோம். எங்களை உட்கார வைத்தது 2018ஆம் ஆண்டின் நீட் வழக்கு.

அந்த வருஷம் மே 6 அன்று நடந்த தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். தமிழில் எழுதியவர்கள் இருபத்து நாலாயிரத்துக்கும் மேல். 49 வினாக்களில் தமிழாக்கம் பிழை என்று டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். 'சிறுத்தை' என்று வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று இருந்ததாக அப்போது செய்தித்தாள்களில் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். குழப்பம் வந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்றது தேர்வு நடத்திய மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். ஜூலை 10இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண்ணைத் தமிழில் எழுதிய எல்லோருக்கும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை விதித்து, நவம்பரில் தீர்ப்பையே ரத்து செய்தது. ஆக, எல்லோருக்கும் 196, இல்லாவிட்டால் பூஜ்யம். மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று அந்த வழக்கைச் சுற்றி எழுந்த கூச்சலில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வழிக்கு டென்மார்க் போகவேண்டும். கியார்க் ராஷ் என்கிற கணிதக்காரர், வாசிப்பில் பின்தங்கிய பள்ளிப் பிள்ளைகள் முன்னேறுகிறார்களா என்று பார்க்கும் வேலையில் மாட்டிக்கொண்டார். முதல் வருஷம் ஒரு பாடம், அடுத்த வருஷம் வேறு பாடம்; எதை வைத்து ஒப்பிடுவது? அந்தச் சிக்கலிலிருந்து கிளைத்த சிந்தனை 1960இல் புத்தகமாயிற்று. சாரம் ரொம்பச் சுருக்கம். ஒருவர் ஒரு வினாவுக்குச் சரியாக விடை எழுதும் வாய்ப்பு, அவருடைய திறனிலிருந்து அந்த வினாவின் கடினத்தைக் கழித்தால் வருகிற மிச்சத்தை மட்டுமே பொறுத்தது. மிச்சம் பூஜ்யமானால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒன்று என்றால் 73 சதம், இரண்டு என்றால் 88. கழித்தல் ஒன்று என்றால் 27. (இந்த 'ஒன்று' மதிப்பெண் அல்ல. சரிக்கும் தவறுக்குமான விகிதத்தின் மடக்கை.) ஆளும் வினாவும் ஒரே கோலில் நிற்கிறார்கள் என்பதுதான் இதில் புதுசு.

முதலில் உடைவது மதிப்பெண் பற்றிய நம் நம்பிக்கை. எல்லா வினாக்களும் ஒரே கடினம் என்று வைத்துக்கொண்டாலும், 50 சதத்திலிருந்து 60க்குப் போவது இந்தக் கோலில் 0.41; 90இலிருந்து 95க்குப் போவது 0.75. அஞ்சு மார்க், பத்து மார்க்கைவிடப் பெரிசு! மதிப்பெண்ணைக் கூட்டிக் கழித்து, சராசரி போட்டு, அரை மார்க்கில் ஒருத்தியின் தலைவிதியை எழுதுகிற காரியம் எத்தனை மூடத்தனமானது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இப்போது 49 வினாக்கள். பிரச்னையில்லாத மற்ற 131 வினாக்களையும் கோலின் தண்டாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரே நிலையில் நிற்கிற இரண்டு பேரை எடுங்கள். ஒருத்தி தமிழில் எழுதியவள், மற்றவள் ஆங்கிலத்தில். சந்தேகத்துக்குரிய வினாவில் இருவரின் வாய்ப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இத்தகைய ஜோடிகளில் தமிழ்க்காரி மட்டும் தொடர்ந்து சறுக்கினால், வினாதான் ஆளுக்கொரு மரக்கால் வைத்திருக்கிறது. 49இல் எது உண்மையிலேயே கெடுத்தது, எது கெடுக்கவில்லை என்று வினாவாரியாகச் சொல்லலாம். கெட்டதைத் தமிழ்க்காரருக்கு நீக்கிவிட்டு, மீதியை வைத்தே எல்லோரையும் ஒரே கோலில் நிறுத்தலாம். 196ஐத் தூக்கிக் கொடுத்தால் 524க்கு மேல் எடுத்தவர் 720ஐத் தாண்டிவிடுவார். பிழையையும் மீறிச் சரியாக எழுதியவளுக்கு அதே வினாவுக்கு இரண்டு தடவை கூலி. ஒன்றுமே கொடுக்காமல் விட்டது அதைவிட அநியாயம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

2017 நிலைமை இன்னும் மோசம். வட்டார மொழி வினாத்தாள்களே வேறாக இருந்தன. கடினம் ஒன்றுதான் என்றார்கள். இரண்டு தாள்களுக்கும் பொதுவான வினா இல்லை, இரண்டையும் எழுதிய ஆளும் இல்லை என்றால், 'ஒன்றுதான்' என்பதை உலகத்தில் எந்தப் புள்ளியியலாலும் நிரூபிக்க முடியாது. ஆடவல்லானும் ராஜகேசரியும் ஒரே களத்தில் ஒருமுறையாவது சந்தித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் எதைப் பேசினாலும் ராமானுஜத்தை இழுக்காமல் முடியாது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, ஆங்கிலத்தில் தோற்று அதை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பனில் உடலியலில் தோற்றார். மேதையை மதிக்காத கல்வி என்ற புலம்பல் எனக்கு அலுத்துவிட்டது. இங்கே பொருட்படுத்த வேண்டியது வேறு: ராஷின் மாதிரி, ஒரு தேர்வு ஒரே ஒரு குணத்தை அளப்பதாகக் கொள்கிறது. கடினமானதைச் சரியாகவும் சுலபமானதைத் தவறாகவும் எழுதுகிற ஆளைப் பார்த்தால், 'என் கோல் இவரிடம் செல்லுபடியாகவில்லை' என்று மாதிரியே கைதூக்குகிறது. மொத்த மதிப்பெண்ணுக்கு இந்த நாணயம் கிடையாது. இயற்பியல் 180, வேதியியல் 180, உயிரியல் 360 என்று மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டுகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு யாரும் ராஷுக்குக் கோயில் கட்டக் கிளம்ப வேண்டாம். ராஷ் மரபினரிடம் பொருந்தாத வினாவைத் தூக்கி எறிகிற பழக்கம் உண்டு. மாதிரிக்கேற்ப உலகத்தை வெட்டுவது. அதைவிட ஆழமான குருடு ஒன்று இருக்கிறது. மாதிரிக்குத் தெரிவது மிச்சம் மட்டும். 180 வினாக்களும் ஒரு கூட்டத்துக்கு ஒரே அளவு கடினமாகிவிட்டால், அது கடினம் கூடியதாகப் பதிவாகாது. அந்தக் கூட்டத்தின் திறன் குறைந்ததாகப் பதிவாகும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். சில வினாக்களில் நடக்கும் அநீதி பிடிபடும், முழுத் தாளிலும் சீராகப் பரவிய அநீதி 'தகுதி' என்ற பெயரில் வெளியே வரும்.

அது வெறும் ஊகமல்ல. 2021இல் ஏ.கே. ராஜன் குழு கொடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் பழைய மாணவர்கள் 2016-17இல் சுமார் 12 சதம். 2020-21இல் 71 சதம். ஒரு வருஷம் கூடுதலாகப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கு எல்லா வினாவுமே ஒரு படி இறங்கிக் கொடுக்கிறது. இதைத் தேர்வுக்குள் இருந்து எந்த மாதிரியும் காட்டித் தராது. வெளியேயிருந்து, வயது, பணம், எத்தனையாவது முறை என்ற கேள்விகளோடு வரவேண்டும். அரியலூர் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1176 எடுத்தவர், நீட்டில் 86. 2017 செப்டம்பர் 1இல் இறந்தார். இந்த இரண்டு எண்களில் எது அவருடைய 'திறன்' என்று கேட்பதே பொருளற்றது. இரண்டு மரக்கால்கள், இரண்டையும் கவிழ்த்துப் பார்க்க யாருக்கும் அனுமதியில்லை.

ஆர் என்கிற இலவச மென்பொருளில் இந்தக் கணக்குகளைப் போடலாம். பள்ளிக்கூட மடக்கையும் கொஞ்சம் பொறுமையும் போதும். தட்டுப்பாடு தரவில்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிற தோழர்கள் மொத்த மதிப்பெண் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பெயரும் எண்ணும் நீக்கிய, வினாவாரியான விடைகளைக் கேளுங்கள்: ஆளுக்கு ஒரு வரி, 180 கட்டம், கூடவே எழுதிய மொழி, மாவட்டம், எத்தனையாவது முறை.