தங்கவயல் போட்ட இரட்டை ஓட்டு

பங்காருபேட்டை: 1952ம் ஆண்டு மைசூர் ராஜ்யத்தில், வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டுரிமை தந்து நடந்த முதல் சட்டசபைத் தேர்தலில் மொத்தம் 99 ஸ்தானங்கள். அவற்றில் 74ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 8, சோஷலிஸ்டுகளுக்கு 3, டாக்டர் அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷனுக்கு 2, சுயேச்சைகளுக்கு 11. கம்யூனிஸ்டு கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று கோலார் தங்கவயல். பெடரேஷனின் இரண்டில் ஒன்றும் அதே தங்கவயல்தான். ஒரே தொகுதியிலிருந்து இரண்டு எம்.எல்.ஏ.க்கள். ஒருவர் கம்யூனிஸ்டு கே.எஸ். வாசன். மற்றவர் பெடரேஷனைச் சேர்ந்த பி.எம். சாமிதுரை.

ராஜ்யமெங்கும் காங்கிரஸ் அலை வீசிய நேரம் அது. மைசூரின் முதல் முதல்-மந்திரியான கே. செங்கலராய ரெட்டி, அன்றைய பங்காருபேட்டை தாலுகாவில் இருந்த க்யாசம்பள்ளியில் பிறந்தவர். கோலார் பார்லிமெண்டுத் தொகுதியும் அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கே கிடைத்தது. அப்படியிருக்க, தங்கவயல் தமிழர்கள் மட்டும் ஏன் வேறு வழியில் போனார்கள்? விடை தேட வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ரயிலேறி வந்தவர்கள்

பங்காருபேட்டைக்கு அப்போதெல்லாம் பவுரிங்பேட்டை என்று பெயர். மைசூர் கமிஷனராக இருந்த பவுரிங் துரையின் நினைவாக வைத்த பெயர். சென்னை - பெங்களூர் பாதையில் இது ஜங்ஷன். இங்கிருந்து பிரியும் கிளைப் பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பத்தில் முடிகிறது. தூரம் சுமார் 10 மைல்தான். ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தலைவிதியை மாற்றிய பாதை இது.

ஜான் டெய்லர் கம்பெனி 1880ம் ஆண்டு இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். சொந்த ஊரில் அவர்களுக்கு நிலம் இல்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் மொள்ளும் உரிமை இல்லை. இங்கே பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. தட்டி வைத்த லைன் வீடுகளே அவர்களுக்கு ஊராயின.

ஆனாலும் சர்க்காரும் கம்பெனியும் அவர்களை 'வந்து போகும் கூலிகள்' என்றே எண்ணின. மைசூர் சமஸ்தானத்தில் பிரஜா பிரதிநிதி சபை 1881லேயே ஏற்பட்டுவிட்டது. ஆனால் அதில் ஓட்டு, சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே. லைன் வீட்டுக்காரருக்கு அங்கே இடமில்லை.

கைரேகைத் தகராறு

1930ல் ஒரு சம்பவம் நடந்தது. தொழிலாளர்கள் அனைவரும் பெயரைப் பதிவு செய்து கைரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி உத்தரவிட்டது. ஒரு சுரங்கத்தில் விலக்கப்பட்ட ஆளை இன்னொரு சுரங்கத்தில் சேரவிடாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். கைரேகை என்றால் குற்றவாளியிடம் போலீஸ்காரர் எடுப்பது என்ற மானப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. முறையான சங்கம் என்று ஒன்று இல்லாத காலத்திலேயே அவர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள்.

பிறகு சங்கம் வந்தது. 1940களில் கம்யூனிஸ்டுகள் லைன் லைனாகச் சென்று தொழிலாளரைத் திரட்டினார்கள். வாசன் அவர்களில் முக்கியமானவர். 1946ல் பெரிய போராட்டம் மூண்டது. அந்த ஆண்டு நவம்பர் 4ந் தேதி போலீஸ் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். தங்கவயல் இன்றுவரை அந்த நாளைத் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஓட்டுச்சாவடிக்குப் போனவர்களுக்கு அது பழங்கதை அல்ல. பக்கத்து வீட்டுத் துக்கம்.

இன்னொரு வேர்

செங்கொடி மட்டுமே கதை அல்ல. அதற்கு முன்பே தங்கவயலில் வேறொரு விதை விழுந்திருந்தது. பண்டிதர் அயோத்திதாசரின் பவுத்த இயக்கத்துக்கு, 1900களின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளைச் சங்கம் ஏற்பட்டது. பண்டிதர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை நின்றுபோன பின், 1926ல் ஜி. அப்பாத்துரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். சாம்பியன் ரீப்பில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது.

பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூடி, பத்திரிகை வாசிக்கக் கேட்டார்கள். 'நாம் யாருக்கும் தாழ்ந்தவர் அல்ல' என்ற எண்ணம் அங்கே ஊறியது. பின்னாளில் அம்பேத்கரின் பெடரேஷன் வந்தபோது, அதற்கு நிலம் பண்பட்டிருந்தது.

ஆக, கூலிக்கும் பாதுகாப்புக்கும் ஒரு கொடி. மானத்துக்கு ஒரு கொடி. 1952ல் இரண்டையும் சேர்த்து ஏற்ற ஒரு வாய்ப்பு வந்தது.

இரண்டு சீட்டு, பல பெட்டி

அந்த வாய்ப்பைத் தந்தது அன்றைய தேர்தல் முறை. மைசூரில் அப்போது 80 தொகுதிகள். அவற்றில் 19 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். தங்கவயல் அதில் ஒன்று. இத்தகைய தொகுதியில் ஒரு ஸ்தானம் ஷெட்யூல்டு வகுப்பினருக்கு, மற்றது பொது. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஆனால் இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. போட்டால் ஒன்றுதான் செல்லும்.

இன்று போல் பொத்தானும் இல்லை. சீட்டில் முத்திரை குத்துவதும் இல்லை. சீட்டில் வேட்பாளர் பெயரே கிடையாது. மறைவில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள், பெடரேஷனுக்கு யானை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னம் பார்த்துச் சீட்டைப் போட்டுவிடலாம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தத் தேர்தலுக்கான பெடரேஷன் அறிக்கையில், கம்யூனிஸ்டு கட்சியுடன் கூட்டுச் சேர்வதில்லை என்று திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார்கள். அகில இந்திய அளவில் பெடரேஷன் உடன்பாடு கொண்டது சோஷலிஸ்டுகளுடன்தான். தலைமைகள் ஒன்றையொன்று ஒதுக்கின. தங்கவயல் தொகுதியோ இரண்டையும் சேர்த்தே சட்டசபைக்கு அனுப்பியது. கட்சிகள் செய்யாத கூட்டணியைச் சீட்டுகள் செய்து காட்டின.

எது நம் ஊர்?

ஓட்டர் பட்டியலில் பெயர் சேர 21 வயது ஆகியிருக்க வேண்டும். தகுதிக் காலத்தில் 180 நாளாவது தொகுதியில் வசித்திருக்க வேண்டும் என்பது 1950ம் ஆண்டுச் சட்டத்தின் விதி. கேட்பதற்குச் சாதாரண விதி. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கல்யாணம் கருமாதிக்கும் சொந்த ஊருக்கு ரயிலேறும் தங்கவயல் குடும்பத்துக்கு அது பெரிய கேள்வி. 'எது நம் ஊர்?' என்பதற்குச் சட்டப்படி ஒரு விடை சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் ஏறியதும், மைசூர் ராஜ்யத்தில் வேலை பார்க்கும் வெளியூர்க் கூலி, மைசூர் ராஜ்யத்தின் வாக்காளர் ஆனார்.

எல்லைக்கு அப்பால் அவர்களுடைய உறவினர்கள் அதே தேர்தலில் சென்னை ராஜ்ய சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்கள். அங்கே 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. கம்யூனிஸ்டுகள் 62 இடம் பிடித்தார்கள். திராவிட முன்னேற்றக் கழகம் அப்போது தேர்தலில் இறங்கவில்லை. தங்கவயலின் தீர்ப்பு சென்னைக் காற்றின் வீச்சு என்று சிலர் சொல்லலாம். ஆனால் கம்யூனிஸ்டையும் பெடரேஷனையும் ஒரே தொகுதியில் ஜோடி சேர்த்தது இந்த மண்ணின் சொந்த அனுபவம்.

1930ல் கைரேகை கேட்டபோது கையை இழுத்துக்கொண்ட அதே ஜனங்கள், 1952ல் அழியாத மைக்காகத் தாங்களே விரலை நீட்டினார்கள். முன்னது கம்பெனி அவர்களைக் கணக்கெடுக்க. பின்னது அவர்கள் சர்க்காரைக் கணக்கெடுக்க.

பின்னர் நடந்தவை

1954ல் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். 1956ல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் மொழிவாரி ராஜ்யங்கள் பிறந்தன. தமிழர் நிறைந்த தங்கவயல் மைசூரிலேயே நின்றது. 1957 தேர்தலிலும் கதை மாறவில்லை. கம்யூனிஸ்டு எம்.சி. நரசிம்மனும், பெடரேஷனின் சி.எம். ஆறுமுகமும் வென்றார்கள். 208 பேர் கொண்ட புதிய சபையில் கம்யூனிஸ்டு அப்போதும் ஒருவர்தான்.

அந்த ஆண்டு ஆந்திராவில் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் வி.வி. கிரி தோற்றார். இரண்டு ஸ்தானங்களும் பழங்குடி வேட்பாளர்களுக்கே கிடைத்தன. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது; 1959ல் அந்த முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. இரட்டைத் தொகுதி முறை 1961ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின் தங்கவயலுக்கு ஒரே ஓட்டு, ஒரே உறுப்பினர்.

இரண்டு வேரில் எதை நம்புவது என்ற இழுபறி அப்போது தொடங்கியது. குடியரசுக் கட்சி, எம்.ஜி.ஆர். கட்சி, மார்க்சிஸ்டு என்று தொகுதி கை மாறியது. 1983ல் அ.தி.மு.க.வின் எம். பக்தவச்சலமும், 1985ல் மார்க்சிஸ்டு டி.எஸ். மணியும் ஜெயித்தார்கள். பின்னாளில் பாரதிய ஜனதாவும் காங்கிரசும் இங்கே வென்றன.

2001 பிப்ரவரி 28ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் தங்கவயலில் உழைப்பு இருக்கிறது, வேலை இல்லை. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியுமுன் ரயிலேறும் கூட்டம், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறது. தாத்தா பிழைப்புக்காக வந்து இறங்கிய அதே தண்டவாளத்தில் பேரன் பிழைப்புக்காக வெளியே போகிறான்.

ஆனால் தேர்தல் நாளில் அந்தப் பேரன் ஓட்டுப் போடுவது பெங்களூரிலும் அல்ல, ஆற்காட்டுக் கிராமத்திலும் அல்ல. ஓட்டர் பட்டியலில் அவன் விலாசம் இன்னும் தங்கவயல் லைன் வீடுதான். 1952ல் பெயர் பதிந்த தாத்தா பேரனுக்கு விட்டுச்சென்ற சொத்து அது.