கோட்டின் மேல் விழுந்த முத்திரை

மறையூரில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறினால், சின்னாறு சோதனைச் சாவடி தாண்டியதும் தமிழ்நாடு. சாவடிக்கு இருபுறமும் தமிழ்தான் பேசுகிறோம். ஓட்டுப் போடும் விதம்தான் வேறு. 2019 டிசம்பரில் உடுமலைப் பக்கத்துக் கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது ஒவ்வொருவர் கையிலும் நான்கு வண்ணச் சீட்டுகள் இருந்தன. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என்று நான்குக்கும் தனித்தனியே முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், கிராமம், பிளாக், மாவட்டம் மூன்றுக்கும் மெஷின். பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. அதனால் செல்லாத ஓட்டு என்ற பேச்சே நம் ஊரில் அடங்கிப்போனது.

ஆனால் காகிதம் நம்மை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே போடும் ஓட்டு காகிதம். தேர்தல் வேலைக்குப் போகிறவர்களின் தபால் ஓட்டு காகிதம். ஜெயித்த மெம்பர்கள் கூடி பஞ்சாயத்து பிரசிடெண்டைத் தேர்ந்தெடுப்பதும் காகிதத்தில்தான். இந்த மூன்றிலும் இன்றும் ஓட்டு செல்லாமல் போகலாம்.

சீட்டில் சின்னத்துக்கு எதிரே முத்திரை குத்தும் பழக்கத்துக்கும் கேரளத்துக்கும் பழைய உறவு உண்டு. 1952, 1957 பொதுத்தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. வாக்காளர் சீட்டில் எதையும் குறிக்காமல், தனக்குப் பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் போட்டுவிட்டு வருவார். 1957இல் நம் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது அந்த முறையில்தான். வேறொருவரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்பதற்காக அந்தத் தேர்தல் ரத்தானது. 1958 இடைத்தேர்தலில் அவரே மறுபடி ஜெயித்தார். எல்லாப் பெயரும் எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் இருக்க, விரும்பியவருக்கு நேரே குறியிடும் முறையை ஒரு மாநிலத் தேர்தல் முழுவதற்கும் பயன்படுத்திப் பார்த்தது 1960இல், கேரளத்தில். நாடு முழுவதற்கும் அது 1962இல் வந்தது.

குறியிடச் சொன்னதும், எது நல்ல குறி என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்குப் பதில் 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில், 56ஆம் விதியில் இருக்கிறது. நான் படித்த சட்ட வரிகளில் மனிதரை மதித்து எழுதப்பட்டவை என்று இவற்றைச் சொல்வேன். முத்திரை சின்னத்தின் மேலேயோ அருகிலேயோ இருந்தால் போதும், கட்டத்தின் நடுவில் விழ வேண்டியதில்லை. மை மங்கியிருந்தாலும், ஒரே சின்னத்தின் மேல் இரண்டு மூன்று முறை குத்தியிருந்தாலும், யாருக்குப் போட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தால் அந்த ஓட்டைத் தள்ளக் கூடாது. இரண்டு பேருக்குக் குத்தியிருந்தால் செல்லாது. இரண்டு சின்னத்துக்கு நடுவே கோட்டின் மேல் விழுந்து, யாருக்கு என்று சந்தேகம் வந்தால் செல்லாது. கொடுத்த முத்திரையை விட்டுவிட்டுச் சொந்தப் பேனாவால் டிக் போட்டாலும் செல்லாது. பெயரோ கையெழுத்தோ எழுதி ஆளைக் காட்டிக்கொடுத்தாலும் செல்லாது. ஓட்டு ரகசியம் என்பதால், அதை விற்கவும் முடியாது, மிரட்டி வாங்கவும் முடியாது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது.

முத்திரையின் வடிவத்திலும் யோசனை உண்டு. அம்புமுனைகள் கொண்ட அந்தக் குறுக்குக்குறி இடவலம் ஒரேபோல் இருக்காது. மை காயாமல் சீட்டை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும் பதிவு கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும். எது குத்தியது, எது மடிப்பில் ஒட்டியது என்று எண்ணுகிறவர் பிரித்துவிடலாம். வாக்காளரின் கைப்பிழை அவர் ஓட்டைக் கொல்லாதபடி ரப்பர் துண்டிலேயே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சலுகையும் உண்டு. சீட்டின் பின்புறம் வாக்குச்சாவடி அதிகாரி போட வேண்டிய கையெழுத்தோ அடையாள முத்திரையோ விட்டுப்போயிருந்தால், அது அதிகாரியின் தவறு என்று உறுதியானால், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஓட்டைத் தள்ளக் கூடாது. தள்ளுவதற்கு முன் கவுண்டிங் ஏஜெண்டுகள் சீட்டைத் தொடாமல் பார்க்க அவகாசம் தர வேண்டும். தள்ளிய பிறகு அதன்மேல் காரணத்தை எழுதி, தேர்தல் நடத்தும் அலுவலர் சுருக்கொப்பம் இட வேண்டும்.

இவ்வளவு இரக்கமும் சாவடியில் போட்ட சீட்டுக்கு. தபால் ஓட்டுக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. அங்கே குறியைப் பற்றித் தாராளம்தான். சொந்தப் பேனாவால் டிக்கோ பெருக்கல் குறியோ போடலாம். ஆனால் சீட்டு இருக்கும் உள்ளுறையைத் திறப்பதற்கு முன்பே உறுதிமொழிப் படிவத்தைப் பார்க்கிறார்கள். 13ஏ என்பது அதன் பெயர். அதில் வாக்காளர் கையெழுத்தோ சான்றொப்பமோ சரியில்லை, அல்லது படிவத்து எண்ணும் உறையின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், உறையைத் திறக்காமலே ஓட்டு தள்ளுபடி. உள்ளே முதியவர் எவ்வளவு தெளிவாகக் குறியிட்டிருந்தாலும் அதை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

எண்ணாமல் விட்ட தபால் ஓட்டுகள் வழக்கானதும் உண்டு. 2016இல் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்தார். சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. அவற்றையும் எண்ணச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. 2021இல் மலப்புரம் மாவட்டம் பெரிந்தல்மண்ணையில் முஸ்லிம் லீக்கின் நஜீப் காந்தபுரம் ஜெயித்தது 38 ஓட்டில். எண்ணாமல் ஒதுக்கிய தபால் ஓட்டுகள் 348. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஜனவரியில், அந்த ஓட்டுகள் இருந்த பெட்டி ஒன்று வைத்த இடத்தில் இல்லாமல் போய், வேறொரு அரசு அலுவலகத்தில் கிடைத்தது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இதை எழுதும்போது எனக்கு இடமலைக்குடி நினைவுக்கு வருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் படுக்கையில் இருந்த முதுவர் பழங்குடியைச் சேர்ந்த 92 வயதுக்காரர் ஒருவரின் ஓட்டை வாங்க அதிகாரிகள் காட்டுக்குள் 18 கிலோமீட்டர் நடந்து போனார்கள். பெருமைப்பட வேண்டிய நடை அது. அப்படி நடந்து போய் வாங்கிவரும் ஓட்டு, அவசரத்தில் விட்டுப்போன ஒரு சான்றொப்பத்தால் திறக்கப்படாமலே போக இன்றைய விதி இடம் தருகிறது. சாவடி அதிகாரியின் மறதிக்கு வாக்காளரைத் தண்டிக்கக் கூடாதென்றால், வீட்டுக்கு வந்த அதிகாரியின் மறதிக்கு மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும்? 56ஆம் விதியின் அந்தச் சலுகையைத் தபால் ஓட்டு விதியிலும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரசிடெண்ட் தேர்தலில் விதி தலைகீழ். கேரளப் பஞ்சாயத்துகளில் அது பகிரங்க ஓட்டு. மெம்பர் பெருக்கல் குறி போட்டு, சீட்டின் பின்னால் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். நமக்குக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. அவருக்குப் போடாவிட்டால் செல்லாது. நாம் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, மெம்பர் தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே வித்தியாசம். ஓரிரு மெம்பர்கள் வித்தியாசத்தில் ஆட்சி அமையும் பஞ்சாயத்தில் விட்டுப்போன ஒரு கையெழுத்து ஐந்து வருஷத்தை மாற்றிவிடும்.

எல்லா விதியும் நாற்காலியில் இருப்பவரின் நேர்மையை நம்பித்தான் இருக்கிறது. 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தலில் பதிவான 36 ஓட்டில் 8 செல்லாது என்று அறிவித்து, 16க்கு 12 என்று பா.ஜ.க. வேட்பாளர் ஜெயித்ததாகச் சொன்னார் தேர்தல் அலுவலர் அனில் மசீ. அந்த எட்டுச் சீட்டிலும் அவரே பேனாவால் குறியிட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்தது. வாக்களித்தவர்களின் எண்ணம் தெளிவாக இருந்ததால் எட்டும் செல்லும் என்று சொல்லி, பிப்ரவரி 20 அன்று ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது.

மறையூர், காந்தளூர், வட்டவடைக் குடிகளில் வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் பெரியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருக்குப் போட்டார்கள் என்று பார்க்காதீர்கள். அது அவர்கள் உரிமை. உறை ஒட்டி, அதிகாரிகள் படியிறங்குவதற்கு முன் மூன்றை மட்டும் கேளுங்கள்: படிவத்தில் பெரியவரின் கையெழுத்தோ கைரேகையோ இருக்கிறதா, சான்றொப்பம் போட்டாயிற்றா, படிவத்திலும் உறையிலும் எண் ஒன்றுதானா. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழிலேயே கேளுங்கள்.