மருந்து வீசிய வயலில் மடை திறந்தால்

சம்பா நட்ட மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் களைக்கொல்லியை மணலில் கலந்து வீசுவது காவிரி டெல்டாவில் வழக்கம். பியூட்டாகுளோர் பல காலமாகப் புழங்கும் மருந்து. வீசியபின் இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதிதாகப் பாய்ச்சவும் கூடாது. ஆனால் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் இளநாற்று மூழ்கிவிடும். வடிமடையை வெட்டிவிடுவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழி இல்லை. தண்ணீரோடு மருந்தும் போகிறது.

எங்கே போகிறது? காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என ஐந்து ஆறுகளின் பெயரைச் சுமக்கும் திருவையாற்றுப் பக்கம் மேல்வயலின் வடிகால்தான் கீழ்வயலுக்குப் பாசனம். அதற்கும் கீழே குளம், குளத்தையொட்டிக் கைப்பம்பு. வடக்கே ஓடும் கொள்ளிடத்தின் மணலில் கிணறு இறக்கித்தான் வேதாரண்யம் வரை கூட்டுக் குடிநீர் போகிறது. மணல் கசடை வடிக்கும், பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். களைக்கொல்லியையோ பூச்சிமருந்தையோ முழுதாக நீக்க இரண்டாலும் முடியாது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து, பிளீச்சிங் பவுடரின் குளோரின் பட்டால் இன்னும் கொடிய பொருளாக மாறுகிறது.

வயல் மருந்து ஆற்றுக்குப் போவதற்கு முன்கதை உண்டு. 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் வெள்ளாற்றுப் பகுதியை ஆராய்ந்தார்கள். நெல்லுக்குத் தூவிய பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடி மழைக்காலத்தில் சூழலில் கூடியிருந்தது. அதன் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் போய்விட்டது, சிறுபகுதிதான் கழிமுகத்துக்கு வந்தது என்று கணக்கிட்டார்கள். 1997இல் அந்தப் பொடிக்குத் தடை வந்தது. பின்னாளில் பரவலான மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகளோ தண்ணீரில் எளிதாகக் கரைந்து ஓடுபவை.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரமும் நெல்வயல்களுக்குக் கீழே ஆற்றுநீர் குடிக்கும் ஊர். 1980களின் தொடக்கத்தில் அங்கே குழாய்த் தண்ணீர் கசந்தது. வடிகால்களில் கெண்டை இன மீன்கள் செத்து மிதந்தன. தயோபென்கார்ப், மோலினேட் என்ற இரண்டு களைக்கொல்லிகள்தான் காரணம். அரசு விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி, மருந்திட்ட வயலின் தண்ணீரை வெளியே விடாமல் தேக்கிவைக்கும் நாள்களைப் படிப்படியாகக் கூட்டியது. ஆற்றில் கலந்த மருந்து 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நெல் சாகுபடியும் நிற்கவில்லை.

அவர்களுக்குக் கோடையில் நெல், மழைத் தொல்லை இல்லை. நமக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் வரப்பை உயர்த்தலாம், வானிலை அறிவிப்பைப் பார்த்து மருந்திடும் நாளைத் தள்ளலாம், தெளிப்பான் டேங்கை வாய்க்காலில் கழுவுவதை நிறுத்தலாம். குத்தகைக்கு உழுபவர் தலையில் மட்டும் இந்தச் செலவைக் கட்டுவது நியாயமில்லை. வரப்பு உயர்த்த அரசின் ஊரக வேலைத் திட்டத்து ஆட்களைக் கொடுத்தால் என்ன?

அரசு செய்ய வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 2012இலேயே லிட்டருக்கு மோனோகுரோட்டோபாஸ் 1 மைக்ரோகிராம், குளோர்பைரிபாஸ் 30, பியூட்டாகுளோர் 125 என்று வரம்பு வைத்துவிட்டது. ஊராட்சிகளில் உள்ள பரிசோதனைப் பெட்டி உப்பையும் இரும்பையும் புளூரைடையும் காட்டும், பூச்சிமருந்தைக் காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கொள்ளிடக் கிணறுகளிலிருந்தும் கிராமத்துக் கைப்பம்புகளிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.